வாசல்காரருக்கு எத்தனையாம் இடம்?

குசினி வாசலில் பெரியண்ணை குனிந்து நின்றார். இடக் கையில் என்னுடைய சுளகு. வலக் கையில் விளக்குமாறு. எதிரே முற்றத்தில் சின்னண்ணை ஒரு தென்னம் மட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். மட்டைக்கு முன்னால் ஒரு சிரட்டை கவிழ்ந்து கிடந்தது.

ஒருவருக்கு அறுபத்தாறு வயது. மற்றவருக்கு அறுபத்தொன்று.

"விலகி நில்லுங்கோ அண்ணை, வயசு போன நேரத்திலை காலிலை பட்டிடும்," என்றார் சின்னண்ணை.

"உன்னை மாதிரி எத்தினை பேரைப் பாத்தாச்சு. அடி பாப்பம்."

சின்னண்ணை அடித்தார். சிரட்டை சீமெந்து முற்றத்தில் கிறீச்சென்று வழுக்கிக்கொண்டு வந்து சுளகில் மோதியது. சுளகு நடுவில் கிழிந்தது. சிரட்டை உள்ளே வரவில்லை. அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த பருப்பும் தப்பியது.

"பாத்தியே?" என்று என்னைத் திரும்பிப் பார்த்தார் பெரியண்ணை. "இதுதான் தங்கச்சி, வாசல்காரன்ரை வேலை."

எனக்குச் சுளகுதான் கவலை. சன்னிதிக்குக் கொண்டு போகிற அரிசியை அதில்தான் புடைக்க இருந்தேன்.

மீன் பெட்டி ஐஸ்

போன கிழமை எங்கள் வெங்காயத் தோட்டம் வெள்ளத்தில் போன கதையை எழுதியிருந்தேன். அதை வாசித்துவிட்டுக் கவலைப்பட்டவர்களுக்காக இந்தக் கிழமை ஒரு சந்தோஷமான கதை.

என்னுடைய அண்ணன்மார் இரண்டு பேரும் கனடாவில். பெரியவர் மொன்றியலில், சின்னவர் ரொறன்ரோவில். நான் கடைக்குட்டி. சுன்னாகத்துக்குக் கிட்ட, பிறந்த வீட்டிலேயே கலியாணமும் முடித்து இருந்துவிட்டேன்.

இரண்டு பேரும் ஒன்றாக ஊருக்கு வந்தது போன வருஷம், அந்த ஒரு முறைதான். அதற்கு ஒரு காரணம் இருந்தது. எங்கள் அம்மா கடைசிக் காலத்தில் ஒரு நேர்த்தி வைத்திருந்தா. "ரெண்டு பெடியளும் ஒண்டாய் நிண்டு சன்னிதியிலை தங்கடை கையாலை சோறு போடோணும்." தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி முருகனைத்தான் சொன்னா. அன்னதானம் ஓயாத கோயில் அது. அம்மா இருக்கும்வரைக்கும் ஒருவருக்கு லீவு கிடைத்தால் மற்றவருக்குக் கிடைக்காது. அம்மா போன பிறகுதான் இரண்டு பேருக்கும் ஒன்றாக வாய்த்தது.

வந்த முதல் நாளே சண்டை. காணிச் சண்டை என்று நினைக்க வேண்டாம். ஐஸ் ஹொக்கிச் சண்டை. அந்த விளையாட்டில் இதுவரை விளையாடியவர்களில் யார் முதலாவது, யார் இரண்டாவது என்று வரிசைப்படுத்துகிற சண்டை.

நான் ஐஸ் பார்த்ததே மயிலிட்டித் துறைமுகத்தில் மீன் பெட்டிக்குள்தான். அதற்கு மேலே சப்பாத்தில் கத்தி கட்டிக்கொண்டு ஆட்கள் ஓடுவார்கள் என்றால் எப்படி நம்புவது? சின்னண்ணை போனில் காட்டினார். கோயில் வீதி அளவுக்கு ஐஸ். அதிலே கறுப்பு இறப்பர் வட்டு ஒன்று. பத்துப் பன்னிரண்டு பேர் வளைந்த தடியோடு அதைத் துரத்துகிறார்கள். ஒரு பக்கத்துக்கு ஆறு பேர். இரண்டு பக்கமும் வலை கட்டிய வாசல், அதிலே ஒவ்வொரு ஆள்.

அந்த விளையாட்டுக்காரரின் பெயர்களை நான் இங்கே எழுதப்போவதில்லை. இந்தப் பத்திரிகை கனடாவுக்கும் போகிறது. பெயரைப் போட்டால் "அவரை ஏன் முதலாவதாகப் போட்டாய்" என்று எனக்கும் கடிதம் வரும். எங்கள் வீட்டில் வைத்த பெயர்களே போதும். பெரியண்ணையின் ஆள் 'வாசல்காரர்'. சின்னண்ணையின் ஆள் 'கோல்காரர்'.

எடுத்துக் கொடுத்தவருக்கும் ஒன்று

"எண்ணிக்கை பொய் சொல்லாது," என்பது சின்னண்ணையின் பேச்சு. "என்ரை ஆள் அடிச்ச அளவுக்கு ஒருத்தரும் அடிக்கேல்லை."

"அந்தக் காலத்து வாசல்காரங்கள் காலிலை கட்டியிருந்தது தலகாணி உறை மாதிரி ஒண்டு. இப்பத்தையான் மெத்தையே கட்டிக்கொண்டு நிக்கிறான். இப்ப வந்து அடிக்கச் சொல்லு பாப்பம்," என்பார் பெரியண்ணை. "கிண்ணத்தை எண்ணு. கிண்ணம் எத்தினை?"

"கிண்ணம் ஒரு ஆள் வெல்லுறதோ? இருபது பேர் சேந்து வெல்லுறது."

"அப்ப கோல் மட்டும் ஒரு ஆள் அடிக்கிறதோ?"

இந்த இடத்தில் எனக்கு ஒரு புது விஷயம் தெரிய வந்தது. அந்த விளையாட்டில் கோல் அடித்தவருக்கு ஒரு புள்ளி. அதற்கு முன் வட்டை எடுத்துக் கொடுத்தவருக்கும் ஒரு புள்ளி. அதற்கும் முன் கொடுத்தவர் இருந்தால் அவருக்கும் ஒன்று.

"மெய்யோ?" என்று தேங்காய் துருவுகிறதை விட்டுவிட்டுக் கேட்டேன். "எடுத்துக் குடுத்தவனுக்கும் அதே அளவோ?"

"ஓம். அதே ஒண்டுதான்."

எனக்கு அந்த விளையாட்டு அன்றைக்கே பிடித்துவிட்டது. நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். கணக்கு எனக்கு ஓடாது. ஆனாலும் இது நல்ல கணக்கு. எங்கள் வீட்டில் பொங்கல் பொங்கினால் பானையைத் தூக்கி வைத்தவருக்குத்தான் பேர். பயறு வறுத்தவளை யார் எண்ணினார்கள்?

என்னுடைய மனிசன் வெங்காயப் பிடிகளைக் கயிற்றில் கொழுவிக்கொண்டிருந்தார். அவர் எப்போதாவதுதான் வாய் திறப்பார்.

"மச்சான்மார், தின்னுறதுக்கு எது நல்ல வெங்காயம் எண்டு கேட்டால் நான் ஒண்டைக் காட்டுவன். சந்தையிலை விலை போறதுக்குக் கேட்டால் பெரிசு ஒண்டைக் காட்டுவன். விதைக்கு எண்டால் ரெண்டும் சரி வராது. நடுத்தரமாய், இறுக்கமாய் இருக்கிறதைத்தான் எடுத்து வைப்பன். நீங்கள் எதுக்கு எண்டு கேக்காமல் எது நல்லம் எண்டு கேக்கிறியள்."

இரண்டு பேரும் கயிற்றில் தொங்கின வெங்காயத்தைப் பார்த்தார்கள்.

"உது வெங்காயம், மச்சான்," என்றார் பெரியண்ணை.

"ஓம். உது வேறை," என்றார் சின்னண்ணை.

அந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு பேருக்கும் ஒற்றுமை.

வாங்கு

சத்தம் கூடிக்கொண்டு போனபோது நானே ஒரு சட்டம் போட்டேன். அந்த விளையாட்டில் பிழை செய்தவரை ஒரு பெட்டிக்குள் இரண்டு நிமிஷம் இருத்திவிடுவார்களாம். அதுவும் எனக்குப் பிடித்தது. கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் ஒரு பழைய மர வாங்கு கிடந்தது. யார் தகாத சொல் சொன்னாலும் அதில் போய் இரண்டு நிமிஷம் இருக்க வேண்டும் என்றேன்.

விளையாட்டுக்குச் சொன்னேன். அவர்கள் மெய்யாகவே போய் இருந்தார்கள். 'விசரன்' என்றதற்குச் சின்னண்ணைக்கு இரண்டு நிமிஷம். 'பேய்க்கதை' என்றதற்குப் பெரியண்ணைக்கு இரண்டு. இவர், என்னுடைய மனிசன், கைமணிக்கூட்டைப் பார்த்து நேரம் சொன்னார். வேட்டியோடும் மூக்குக் கண்ணாடியோடும் கோழிகளுக்கு நடுவில் பெரியண்ணை மௌனமாக இருந்த காட்சியை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

நான்காம் நாள்தான் விஷயம் கெட்டது.

பின்னேரத் தேத்தண்ணியோடு இரண்டு பேரும் நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் ஆளுக்குப் பத்துப் பெயர் எழுதினார்கள். ஒன்றுமே தெரியாதவள்தான் பக்கம் சாய மாட்டாள் என்று என்னை நடுவராக வைத்தார்கள். நான் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பெரியண்ணையின் தாளில் வாசல்காரர் முதலாவது. சின்னண்ணையின் தாளில் வாசல்காரரைக் காணவே இல்லை.

"பத்துக்குள்ளையும் இல்லையோ?" என்றார் பெரியண்ணை.

"வாசல்காரரை வேறையாய்த்தான் எண்ண வேணும் அண்ணை. ஓடி விளையாடினவனோடை எப்பிடிச் சேக்கிறது?"

"நிண்டவன் விளையாடேல்லையோ?"

"சும்மா ஒரு இடத்திலை நிக்கிறதும் ஒரு விளையாட்டோ?"

பெரியண்ணை தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். தானாகவே எழும்பிப் போய் வாங்கில் இருந்தார். யாரும் அவரை அனுப்பவில்லை. இரண்டு நிமிஷம் போயிற்று. அரை மணித்தியாலம் போயிற்று. அவர் வரவில்லை.

மொன்றியலில் முதல் பனி

இங்கே கொஞ்சம் பின்னுக்குப் போக வேண்டும்.

பெரியண்ணை கனடாவுக்குத் தனியாகப் போனவர். பிறகு ஐந்தாறு வருஷம் கழித்துத்தான் சின்னண்ணையைக் கூப்பிட்டார். பெரியண்ணை ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் கோப்பை கழுவத் தொடங்கி, அதே கடையில் சமையல்காரராகி, அதே தெருவில்தான் இன்றைக்கும் இருக்கிறார். சின்னண்ணை அவரோடு இருந்து படித்து, ரொறன்ரோவுக்குப் போய், வேலை மாறி, வீடு மாறி ஓடினார்.

பெரியண்ணை முதல் பனிக்காலத்தில் அம்மாவுக்குப் போட்ட கடிதம் எங்கள் வீட்டில் இருக்கிறது. கடிதம் வந்து சேர மாதக் கணக்காகும். வந்தால் நான்தான் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவேன். சின்னண்ணை அப்போது வெளியூரில் வேலையில் நின்றார். அந்தக் கடிதத்தில் பனியைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தார். மற்றப் பக்கம் முழுக்க ஹொக்கி.

"அம்மா, இங்கே கடையில் சனிக்கிழமை றேடியோவில் ஒரு விளையாட்டுப் போடுவார்கள். அதைக் கேட்டுத்தான் பிரெஞ்சு பிடிபடுகிறது. எல்லாரும் முன்னுக்கு ஓட, ஒரு ஆள் மட்டும் வாசலில் நிற்பார். எல்லா அடியும் அவருக்குத்தான். அவர் விலகினால் எல்லாம் போச்சு. அவரை நினைத்துக்கொண்டுதான் நானும் இங்கே நிற்கிறேன்."

அம்மா கேட்டுவிட்டுச் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. "உந்தப் பிள்ளையின்ரை தாய் பாவம். பல்லுக் கில்லு உடைஞ்சுதோ எண்டு அடுத்த கடிதத்திலை எழுதச் சொல்லு."

இரண்டு நாள்

அந்த வாங்குச் சண்டைக்குப் பிறகு இரண்டு நாள் அண்ணன்மார் கதைக்கவில்லை. ஒருவர் கிணற்றடிக்குப் போனால் மற்றவர் வேலியடிக்குப் போவார். "தங்கச்சி, உவரிட்டைச் சொல்லு, தண்ணி மோட்டர் போட்டிருக்கு எண்டு." இப்படி எல்லாம் என் மூலமாகவே நடந்தது.

வெள்ளிக்கிழமை அன்னதானம். புதன்கிழமை பின்னேரம் பெரியண்ணை சொன்னார், "நான் வெள்ளிக்கிழமை வரேல்லை பிள்ளை. எனக்கு முழங்கால் ஏலாது. தம்பி நிண்டு போடட்டும்."

முழங்கால் இல்லை என்று எனக்குத் தெரியும். சுவாமி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு முருகனிடம் கோபித்தேன். இத்தனை வருஷம் கழித்து இரண்டு பேரையும் கொண்டுவந்து தந்துவிட்டு, ஒரு இறப்பர் வட்டால் பிரிக்கிறாயே அப்பனே என்று கேட்டேன்.

கேட்டுவிட்டு எழும்பினபோதுதான் அம்மாவின் கடிதப் பெட்டி கண்ணில் பட்டது.

அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு போய்ச் சின்னண்ணையிடம் கொடுத்தேன். அவர் வெங்காயக் கொட்டிலுக்குள் நின்று வாசித்தார். வாசித்து முடித்த பிறகும் தாளைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"எனக்கு உது தெரியாது, தங்கச்சி," என்றார்.

"அண்ணையிட்டைச் சொல்லுங்கோவன்."

"என்னெண்டு சொல்லுறது. வாய் வருகுதில்லை."

நான் வற்புறுத்தவில்லை. பெரியண்ணையிடம் மட்டும், அன்னதானத்துக்கு வராவிட்டாலும் வெள்ளிக்கிழமை காலை நம்முடைய பிள்ளையார் கோயில் அர்ச்சனைக்காவது வந்து நில்லுங்கோ என்று கெஞ்சி ஒப்புக்கொள்ள வைத்தேன். சின்னண்ணையின் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். அர்ச்சனைக்குக் குடும்பத்தின் பெயர்களை ஒரு தாளில் எழுதி வைக்கச் சொன்னேன். அவர் வியாழக்கிழமை முழுக்க நாட்காட்டித் தாள்களை வைத்துக்கொண்டு எழுதுகிறதும் வெட்டுகிறதுமாக இருந்தார். நாங்கள் பன்னிரண்டு பேர்தானே, இவ்வளவு நேரமா என்று நினைத்தேன்.

நட்சத்திரம் இல்லாத பிள்ளைகள்

வெள்ளி காலை அவசரத்தில் மேசையில் மடித்துக் கிடந்த தாளை எடுத்து அர்ச்சனைத் தட்டில் வெற்றிலைக்குக் கீழே வைத்தேன். விரித்துப் பார்க்கவில்லை.

கோயிலில் பெரியண்ணை வைரவருக்குப் பக்கத்தில் நின்றார். சின்னண்ணை மற்றப் பக்கத்தில் மணிக்கயிற்றடியில். நடுவில் நானும் இவரும்.

ஐயர் தாளை விரித்தார். "பிள்ளை, உதிலை நட்சத்திரம் ஒண்டும் இல்லையே?"

நான் கண்ணை மூடி நின்றேன். அண்ணன்மாரின் பிள்ளைகளின் பெயர்கள் எல்லாம் இப்போது வெள்ளைக்காரப் பெயர்கள்தான். நட்சத்திரம் கேட்டால் அவர்களுக்கே தெரியாது. அதுதான் என்று நினைத்து, "வெளிநாட்டுப் பிள்ளையள், ஐயா. சுவாமி பேரோடை சேத்துச் சொல்லுங்கோ," என்றேன்.

ஐயர் மணியை எடுத்தார். முதற் பெயரைச் சொன்னார். வடமொழி விகுதியோடு, நிறுத்தி, அழகாகச் சொன்னார். எங்கேயோ கேட்ட பெயர். கண்ணைத் திறந்தேன்.

அது வாசல்காரரின் பெயர்.

இரண்டாவது கோல்காரர். மூன்றாவது, நான்காவது என்று பத்துப் பேரும் வந்தார்கள். எல்லாரும் சகல செல்வமும் பெற்றுக் குடும்பத்தோடு நீடூழி வாழ வேண்டும் என்று ஐயர் பிள்ளையாரிடம் கேட்டு, பூவைப் போட்டார்.

சின்னண்ணை வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். "உது அண்ணைக்குக் குடுக்க எண்டு எழுதினது, தங்கச்சி," என்று கிசுகிசுத்தார். "மற்றத் தாள் மேசையிலை கிடந்ததே."

நான் பெரியண்ணையைப் பார்த்தேன். கும்பிட்ட கை இறங்கவில்லை. கண் மூடியபடி. தோள் இரண்டும் குலுங்கின. அழுகிறாரோ என்று பயந்தேன். கிட்டப் போனால் சிரிப்பு. கண்ணில் தண்ணீரும் வந்திருந்தது. எது எதற்கு என்று நான் கேட்கவில்லை.

அவர் கோயில் மண்டபத்தைத் தாண்டிச் சின்னண்ணைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"தம்பி."

"என்ன அண்ணை."

"மூண்டாவது ஆள் பிழை."

"என்ன பிழை?"

"அவனுக்கு ஒரு கிண்ணமும் இல்லையடா."

"கோயிலுக்குள்ளை கதைக்காதேங்கோ," என்றார் இவர்.

எனக்குப் பாவ பயம் வந்துவிட்டது. ஐயரிடம் போய் நடந்ததைச் சொல்லி, இது குற்றமாகுமோ ஐயா என்று கேட்டேன். அவர் தாளை இன்னொரு முறை பார்த்தார். "பேர் சொன்னாச்சு பிள்ளை. இனித் திருப்பி எடுக்கேலாது. அவையளும் நல்லாய் இருக்கட்டும்," என்றார். இவர் சைக்கிளில் போய் மற்றத் தாளை எடுத்துவர, எங்கள் குடும்பத்துக்கும் ஒரு அர்ச்சனை நடந்தது. அந்த வருஷம் நாங்கள் இரண்டாவதாகத்தான் வந்தோம்.

சன்னிதியில்

முழங்காலைப் பற்றி அதற்குப் பிறகு பெரியண்ணை ஒன்றும் சொல்லவில்லை. வான் வண்டியில் முன் சீற்றில் ஏறி இருந்தார்.

சன்னிதியில் பூசை செய்கிறவர்கள் வாயைத் துணியால் கட்டியிருப்பார்கள். மந்திரச் சத்தம் இல்லாத பூசை. அந்த அமைதியில் கும்பிட்டுவிட்டு மடத்துக்கு வந்தோம். சோற்றுக் கிடாரத்திலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. பூசணிக்காய்க் கறியும் பருப்பும் மணந்தன. ஈர ஆற்றுக் காற்று. வரிசையாகச் சனம் இருந்தது.

பெரியண்ணை பழக்கத்தில் மடத்துக் குசினி வாசலில் போய் நின்றார். வாளியில் சோற்றை நிரப்பி எடுத்துக் கொடுப்பார். சின்னண்ணை அதை வாங்கிக்கொண்டு ஓடுவார். போடுவார். வெறும் வாளியோடு திரும்பி வருவார்.

"எடுத்துக் குடுத்தவருக்கும் ஒண்டு, அண்ணை," என்றார் சின்னண்ணை.

"எண்ணிக்கொண்டு வா."

முதற் பந்தி முடிந்தது. இரண்டாவது பந்தி இருந்தபோது சின்னண்ணை வாளியை வாங்கவில்லை. பெரியண்ணையின் கையிலிருந்த அகப்பையைப் பிடித்தார்.

"நீங்கள் போய்ப் போடுங்கோ. வாசலிலை நான் நிக்கிறன்."

"உனக்கு உது தெரியாதடா. கிடாரம் சுடும்."

"சுடட்டும். போங்கோ."

பெரியண்ணை அகப்பையை விட்டுக்கொடுத்தார். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு சனத்துக்கு நடுவில் நடந்தார். முதல் ஆள் இரண்டு கையாலும் இலையை நகர்த்தி "போடுங்கோ" என்றார். பெரியண்ணை குனிந்து சோற்றைப் போட்டார். அம்மா கேட்டது இதைத்தான்.

அண்ணன்மார் போய் இப்போது கன மாதம். வெள்ளிக்கிழமைகளில் பிள்ளையார் கோயிலுக்குப் போகும்போது ஐயர் மறக்காமல் கேட்பார்.

"அந்தப் பத்துப் பேரும் சுகமோ, பிள்ளை?"

"சுகம், ஐயா," என்பேன். "மூண்டாவது ஆளைத்தான் இன்னும் முடிவு செய்யேல்லை."